தீட்டு என்று நான் சொன்ன கோட்டு

ஆய்வகத்தில் நான் போட்டிருந்த அந்தக் கோட்டைத் தீட்டு என்று சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அதை நினைக்கும்போதெல்லாம் பியூனைத் திட்டுவேன், ஆபீசரைத் திட்டுவேன், அந்த ஐப்பசி மழையைக்கூடத் திட்டுவேன். என் வாயை மட்டும் விட்டுவிடுவேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெடவில்லை, இன்னொருத்தியைக் கெடுத்துவிட்டுத் தான் நன்றாகவே இருந்தது. பென்ஷன்கூட வாங்குகிறது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை. உரத்தில் போடும் பாஸ்பரஸில் எவ்வளவு பயிருக்குள் போகிறது, எவ்வளவு மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் ஆராய்ச்சி. சாதாரண பாஸ்பரஸ் வேருக்குள் போய்விட்டால் எது மண்ணிலிருந்து வந்தது, எது நாம் போட்டது என்று தெரியாது. அதனால் கதிரியக்கம் உள்ள பாஸ்பரஸைக் கரைத்து, தொட்டியில் நட்ட பயிருக்கு ஊற்றுவோம். பிறகு தண்டையும் இலையையும் அறுத்து, கதிரை எண்ணும் கவுண்டர் கருவிக்கு முன்னால் வைத்தால், அது டிக் டிக் என்று காட்டிக் கொடுத்துவிடும். வடக்கேயிருந்து ரயிலில் மரப்பெட்டியில் வரும் சரக்கு அது. பதினான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகும். அடுத்த பதினான்கு நாளில் அந்தப் பாதியில் பாதி. ஐந்து மாதம் ஒதுக்கி வைத்துவிட்டால் வெறும் தூசி.

அந்த அறைக்குள் போக என்ன உடுத்துவது என்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான். கையுறை, கோட்டு, காலுறை எல்லாம் ஆம்பளைகள் அளவுக்குத் தைத்தவை. கண்ணாடி வளையல் கையுறையைக் கிழிக்கும் என்று கழற்றி வைத்தேன். அதற்கு மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு சொட்டுப் பட்டால் ஊறிப் போய்விடுமே என்று தாலியைச் சங்கிலியில் கோத்து ரவிக்கைக்குள் போட்டேன். சேலைக்கும் யோசித்தேன். பருத்தி குடிக்கும், நைலக்ஸ் குடிக்காது, துடைத்தால் போய்விடும். ஆகவே அந்த அறைக்கு மட்டும் ஒரு நைலக்ஸ் சேலை. ஆபீசர் ஈயத்தில் ஏப்ரன் வரவழைக்கட்டுமா என்று கேட்டபோது, "இந்தக் கதிருக்கு ஈயம் ஆகாதுங்க சார், ஈயத்துல மோதினா வேற கதிர் கிளம்பும். கெட்டிப் பிளாஸ்டிக்தான் சரி" என்று பாடம் எடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி.

முறை இதுதான். சேலைக்கு மேல் பருத்திக் கோட்டு. கோட்டுக்கு மேல் கழுத்திலிருந்து முழங்கால் வரை, முழுக்கை வைத்த பிளாஸ்டிக் ஏப்ரன். கோட்டின் கை நுனியைக் கையுறைக்குள் விட்டு, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். என் கோட்டின் கை என் விரல் நுனியைத் தாண்டிக்கொண்டு நின்றது. வெட்டித் தைக்கக் கூடாது, சர்க்கார் சொத்து. எனவே நுனியைக் கையுறைக்கு வெளியே இரண்டு மடிப்பு மடித்து, அவிழாமல் இரண்டு தையல் பிடித்து வைத்திருந்தேன்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை பொன் உருகியது. புழுக்கத்தில் ஏப்ரனுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்க, கையுறையோடு துடைக்க முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! இன்னும் நாலே நாலு தொட்டிதான், ஏப்ரனைக் கழற்றினால் என்ன என்று தோன்றியது. கழற்றினேன். மூன்றாவது தொட்டியில் குழாயில் கை தட்டி, கரைசல் என் வலது கைமேல் சரிந்தது. கையுறை வழியாக வழிந்து, நான் மடித்து வைத்திருந்த மடிப்புக்குள் போய்த் தங்கியது. மடிக்காமல் இருந்திருந்தால் கீழே சொட்டிப் போயிருக்கும்.

கோட்டைக் கழற்றிக் கவுண்டரை அருகே கொண்டுபோனேன். வலது கை மடிப்பில் அது தீபாவளிச் சரம் மாதிரி பொரிந்தது. மார்புப் பக்கத்திலும் கொஞ்சம். என் உடம்பில் ஒன்றும் இல்லை. கையை இரண்டு தரம் கழுவிப் பார்த்துக்கொண்டேன். அசுத்தமான துணியைப் போட்டு மூடிவைக்கும் டிரம் நிறைந்திருந்தது. புது டிரம் கேட்டு எழுதிப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கோட்டை ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, பின்பக்கத் தாழ்வாரத்து மூலையில் தனியாக ஒரு ஆணியில் தொங்கவிட்டேன்.

எங்கள் பியூன் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாதவர்.

"என்னங்க மேடம் அது?"

"அதுக்குக் கிட்ட போகாதீங்க. கதிரியக்கம் பட்டிருக்கு. அஞ்சு மாசம் யாரும் தொடக் கூடாது."

"பார்த்தா ஒண்ணும் தெரியலியே."

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்குங்க மேடம் பயந்துக்கிட்டு?"

எனக்குப் பொறுமை கிடையாது. அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. "தீட்டுன்னு வச்சுக்குங்களேன்! தீட்டு கண்ணுக்குத் தெரியுதா? தொடாம ஒதுங்கித்தானே போறீங்க? நாள் கழிஞ்சா தானா போயிடும்" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க!" என்று இரண்டடி பின்னால் போனார். நம் ஜனங்களுக்கு நம் பாஷையில் சொன்னால்தான் புரியும் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டில் என் கணவரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த நேரத்தில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு, குத்தகை, கூலி என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர நெல் வரவில்லை என்று கூலிக்காரர்கள் வசித்த கீழத்தெருவில் சொன்னார்கள். சம்பா நடவுக்கு இறங்க மாட்டோம், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுங்கள் என்று அவர்கள் செங்கொடி நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. கீழத்தெருவுக்குக் கடைக்காரன் சாமான் தரக் கூடாது, யாரும் முடி வெட்டக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது என்று உத்தரவு. தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கும் ரோட்டைத் தாண்டி, பண்ணைக்குள் போய் நான் பாஸ்பரஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பண்ணைத் துணியைத் துவைத்தவரைச் சலவைக்காரக்கா என்போம். மிராசுதார் வீடுகளுக்கும் அவர்தான், கீழத்தெருவுக்கும் அவர்தான்; உத்தரவுக்குப் பிறகு அங்கே மறைவாகப் போய்வந்தார். புருஷன் இல்லை, கல்யாணமாகாத மகள் ஒருத்தி. எங்களுக்கு வாராவாரம் திங்கட்கிழமை வந்து மூட்டை எடுப்பார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் தஞ்சாவூரில் இருந்தேன், மண் மாதிரிகளைக் கொடுத்து அறிக்கை வாங்க. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து இரண்டு நாள் அறிக்கை எழுதுவதிலேயே போயிற்று. அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் பின்தாழ்வாரத்துக்குப் போனேன். ஆணி மட்டும் இருந்தது.

"எங்கேங்க அந்தப் பை?"

பியூன் கொஞ்சமும் பதறவில்லை. "சலவைக்காரக்கா போன வாரமே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்களே."

"யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"நான் தொடலீங்க மேடம். சத்தியமா தொடலை. தீட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது வந்து மூலையில என்னன்னு கேட்டுச்சு. தீட்டுத்துணி, மேடம் ஒதுக்கி வச்சிருக்காங்கன்னேன். அட, அது என் வேலையாச்சேன்னு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

எனக்குத் தெரியாததா இது? என் பிறந்த வீட்டில் மாதாமாதம் மூலையில் தனியாகப் போட்டு வைக்கும் துணியை வேறு யார் தொட்டார்கள்? பிரசவம் ஆனால், சாவு விழுந்தால், பெண் பெரியவளானால், வீட்டில் யாரும் தொடாத துணியைத் தொட்டு எடுத்துப் போக ஒருத்தி வருவாள். யாரும் தொடக் கூடாது என்று சொன்னாலே அது அவளைக் கூப்பிட்டது மாதிரி. இதெல்லாம் தெரிந்த நான், கெட்டிக்காரத்தனமாக வாயை விட்டேன்.

ஆபீசரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"துவைச்சிருப்பா. வாய்க்கால்ல போயிருக்கும். விடுங்க."

"முழுக்கப் போகாதுங்க சார். பருத்தி. மடிப்புல ஊறியிருக்கு."

"ஏம்மா, வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கறீங்க? ஊரு இருக்கற இருப்புல கதிரியக்கம் அது இதுன்னு வெளியில ஒரு வார்த்தை போச்சுன்னா பண்ணையைக் கொளுத்திடுவாங்க. ரிஜிஸ்டர்ல எரிச்சாச்சுன்னு எழுதுங்க."

நான் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை ஒரு வீரம்போலச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. வெளியே ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்ற பாதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். சிறிய கவுண்டரை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, இரண்டு ஜோடி கையுறையும் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு, அறைக்கென்று கட்டியிருந்த நைலக்ஸ் சேலையோடேயே மழையில் கிளம்பினேன்.

சலவைக்காரக்கா வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. உள்ளே கட்டியிருந்த கொடிகளில் ஈரத்துணி காயாமல் தொங்கியது. நான் போனதும் உட்காரப் பலகை போட்டார்.

"அக்கா, மூலையில ஒரு பை தொங்கிச்சே. அந்தக் கோட்டு எங்கே?"

அவர் முகம் மாறியது. "வெளுத்து வச்சிருக்கேம்மா. மழைங்கறதால காயலை. நாளைக்குக் கொண்டாறேன்."

"ஈரமா இருந்தாலும் குடுங்க."

"மூட்டையில எங்கியோ அடியில கெடக்கும்மா."

நான் கேட்காமல் கவுண்டரை எடுத்து மூட்டைகளுக்கு மேலே காட்டினேன். ஒன்றுமில்லை. கொடிகளுக்குக் கீழே காட்டினேன். ஒன்றுமில்லை. பை மட்டும் ஒரு மூலையில் கிடந்தது, அது மட்டும் கொஞ்சம் பொரிந்தது. அதைக் கையுறை போட்டு எடுத்து என் பிளாஸ்டிக் பைக்குள் போட்டேன். அந்தக் கருவியைப் பார்த்ததும் அவர் கதவோரமாக ஒட்டிக்கொண்டார்.

"போலீசுக்குச் சொல்லியிருக்கீங்களாம்மா?"

"ஐயோ, போலீஸ் எதுக்கு? கோட்டு எங்கேன்னு கேக்கறேன்!"

"அதான் மூட்டையில..."

"பொய் சொல்லாதீங்க அக்கா!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். விழுந்தும்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், பலகையில் உட்கார்ந்திருந்தவள் மண் தரையில் இறங்கி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கீழத்தெருவுல வியாழக்கிழமை ஒரு பொண்ணுக்குப் புள்ள பொறந்துச்சும்மா. பெத்தவளுக்கும் புள்ளைக்கும் மாத்துத்துணி நான்தானே குடுக்கணும்? எப்பவும் மிராசு வீட்டுப் பழைய வேட்டியத்தான் குடுப்பேன். இப்ப அவங்க வீட்டுத் துணி ஒரு நூலுகூட அந்தத் தெருவுக்குப் போகக் கூடாதுன்னு அவங்க நெலத்தப் பாத்துக்கற காரியக்காரர் சொல்லிப்புட்டாரு. ஒவ்வொரு துணியிலயும் குறி இருக்குல்ல. என்ன செய்வேன்? அடைமழை, புள்ள நடுங்குது. சர்க்கார் துணியில யாரு வீட்டுக் குறியும் இல்ல. பழசு, நல்ல மெத்துன்னு இருந்துச்சு. தீட்டுத்துணிதானே, நல்லா ஆவியில வச்சு வெளுத்துட்டுத்தாம்மா குடுத்தேன்."

வியாழக்கிழமை. நான்கு நாள். பிறந்த நிமிஷத்திலிருந்து.

எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. எவ்வளவு துவைத்தால் எவ்வளவு போகும், பத்து நாளில் எவ்வளவு குறையும், எந்தக் கணக்கும் ஓடவில்லை. பிஞ்சுத் தோல் என்ற ஒன்று மட்டும் ஓடியது. அந்தக் கதிர் தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். நான்கு நாள் குழந்தையின் மண்டை ஓட்டுத் தடிப்பே எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று எவனும் சொல்லித் தரவில்லை.

"வாங்க, இப்பவே போகணும்" என்றேன். அவரும், போகிற வழியில் மிராசுதார் வீட்டில் கொடுக்க வேண்டிய வெளுத்த மூட்டையைத் தலையில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். அதுவும் என் பிழை. மூட்டையை வைத்துவிட்டு வாங்க என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அவசரம்.

கீழத்தெரு முனையில் கொடிக்கம்பத்தடியில் நாலைந்து பேர் குடை பிடித்து நின்றார்கள். என் நைலக்ஸ் சேலையையும் கூடையையும் பார்த்து ஒருவர் வழி மறித்தார்.

"யாரும்மா? யாரு அனுப்பிச்சா?"

"பச்சைப்புள்ளையப் பாக்கணும். ஆஸ்பத்திரி மாதிரிதான்."

"அது என்ன ஆஸ்பத்திரி மாதிரி?"

"நம்ம சர்க்கார் பண்ணை அம்மாதான், விடுங்கய்யா, நான் கூட இருக்கேன்ல" என்று சலவைக்காரக்கா சொன்னதால் விட்டார்கள்.

குடிசைக்குள் குனிந்து போனோம். மூலையில் கூரை ஒழுகி, சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. ஈரம் படாத ஒரே இடத்தில் பாய் போட்டு, பக்கத்தில் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். குழந்தையைச் சுற்றி என் கோட்டு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, காது மூடும்படி பதமாகச் சுற்றி வைத்திருந்தாள். மடிப்பு அப்படியே இருந்தது. அதுதான் தடிப்பாக, கதகதப்பாக இருந்திருக்கும்.

கவுண்டரைக் கிட்டே கொண்டுபோனேன். பொரிந்தது. முன்புபோல் சரவெடி இல்லை, ஆனால் பொரிந்தது. அந்தச் சத்தத்தை அறையில் தினமும் கேட்கிறவள் நான். ஒரு குழந்தையின் காதருகே கேட்டதில்லை.

அந்தப் பெண் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "என்னாங்க அது சத்தம்?"

"இந்தத் துணியக் கழட்டணும்மா."

"ஏன்? மிராசுதார் அனுப்புனாரா? புள்ள மேல கெடக்கற துணியவும் உருவிட்டு வரச் சொன்னாரா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. இதுல..." என்று நிறுத்தினேன். உண்மையைச் சொல்ல எனக்கு அங்கே இடம் இருந்தது. மூன்று பெண்கள்தான் இருந்தோம். ஆபீசர் சொன்னது நினைவு வந்தது, என் வேலை நினைவு வந்தது. "இதுல பூச்சி மருந்து பட்டிருக்கு. வயலுக்கு அடிக்கற மருந்து" என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை. சலவைக்காரக்கா பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி! வெசத்துணியவா எம்புள்ளைக்குச் சுத்துன? உன்ன நம்பித்தானே புள்ளையக் குடுத்தேன்!"

சலவைக்காரக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வெந்நீர் வைக்கச் சொல்லி, சோப்புப் போட்டு, குழந்தையின் தலையைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிக் கழுவினேன். கழுவினேன், காட்டினேன். மறுபடி கழுவினேன், காட்டினேன். குழந்தை வீரிட்டு அழுதது. மூன்றாவது தரம் கவுண்டர் சும்மா ஒரு தரம், இரண்டு தரம் தட்டிவிட்டு அடங்கியது. வெறும் காற்றில் அது அவ்வளவுதான் தட்டும். பாயிலும் தாயின் சேலையிலும் காட்டினேன். சுத்தம். எனக்கு மூச்சு வந்தது. கோட்டைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

அப்போதுதான் உறைத்தது. குழந்தை அம்மணமாகக் கிடந்தது. ஈரத்தலையோடு, ஐப்பசி மழையில். இரண்டு ஜோடி கையுறை, பிளாஸ்டிக் பை, கருவி என்று எல்லாம் கொண்டுவந்தவள் ஒரு துணி கொண்டுவரவில்லை. கூடையில் போட்டிருந்த துண்டு மழையில் ஊறிப் போயிருந்தது. என் முந்தானையை எடுத்துச் சுற்றினேன். நைலக்ஸ். ஒரு சொட்டு ஈரத்தை உறிஞ்சவில்லை. அதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தேன்! குழந்தை நீலம் பாரித்து நடுங்கியது.

சலவைக்காரக்கா தன் மூட்டையை அவிழ்த்தார். மேலாக இருந்த சாதாரணத் துணிகளைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு வேட்டியை உருவினார். அகலப் பச்சைக்கரை போட்ட, உள்ளதிலேயே மெல்லிய, காய்ந்த வேட்டி. கரையோரத்தில் அழியாத சேங்கொட்டை மையால் போட்ட மிராசுதார் வீட்டுக் குறி தெரிந்தது.

"அக்கா, வேண்டாம்" என்றேன்.

"நான் வெசத்தச் சுத்துனவம்மா. நானே நல்லதச் சுத்திட்டுப் போறேன்" என்றார். நாலாக மடித்து, குழந்தையைப் பொட்டலமாகச் சுற்றி, பச்சைக்கரையை உள்பக்கம் தள்ளிச் செருகித் தாயிடம் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினாள்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. அந்தப் பெண் வேட்டியை அலசி வேலியில் உலர்த்தினாள். எட்டு முழப் பச்சைக்கரை வேலியில் விரிந்து கிடக்க, வரப்பில் போன காரியக்காரர் அதைப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் மிராசுதார் தெருவில் எல்லா வீடும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டன. வாய்க்கால் கரை மனையும் அவர்களுடையதுதான், காலி பண்ணு என்றார்கள்.

பியூன் வந்து சொன்னதும் நான் மிராசுதார் வீட்டுக்குப் போனேன். ஐயா இல்லை, அந்த வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"தப்பு என்னுதுங்க. புள்ள மேல இருந்த துணிய நான்தான் வாங்கிட்டேன். அதனாலதான் உங்க வேட்டியக் குடுத்தாங்க."

"உங்க துணியப் பத்தி எங்களுக்கு என்னம்மா? எங்க வேட்டி ஏன் அந்தத் தெருவுக்குப் போச்சு? அதச் சொல்லுங்க" என்றார். நானும் ஒரு பெண், அதுவும் உத்தியோகத்தில் இருக்கிற பெண் என்பதற்காகக் காபி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

ஊரை விட்டுப் போகிற அன்று காலையில் சலவைக்காரக்காவை ரோட்டில் பிடித்தேன். நாகப்பட்டினத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். மகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அது பூச்சி மருந்து இல்லை, எங்கள் அறையில் இருக்கும் வேறு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது, நான்தான் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கொட்டிக்கொண்டேன், நான்தான் தீட்டு என்று சொன்னேன், உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் நின்று கேட்டார். கோபப்படவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?"

அதற்குள் என் கணக்கெல்லாம் திரும்ப வந்திருந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் போட்டுப் பார்த்திருந்தேன். வெளுத்ததில் பெரும்பகுதி போயிருந்தது. மிஞ்சியதும் கொஞ்சம்தான். அவர் நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாதுக்கா. பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணும் ஆகாதுன்னா அப்பறம் ஏம்மா அத உருவுனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஆகாது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாததால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு தரம் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. "சரி, வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறினார்கள்.

அந்தக் குழந்தையை அதற்கப்புறம் இரண்டு வருஷம் ரோட்டோரத்தில் பார்ப்பேன். நடந்தது, ஓடியது. தலையில் முடி நன்றாகத்தான் இருந்தது. அதன் அம்மா என்னைக் கண்டால் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது. அது எப்படி வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

கோட்டைப் புது டிரம்மில் போட்டு மூடிவைத்தேன். ஐந்து மாதம் கழித்து, பங்குனி வெயிலில் வெளியே எடுத்து, வலது கை மடிப்பைப் பிரித்துக் கவுண்டரைக் காட்டினேன். ஒன்றும் இல்லை. வெறும் பருத்தித் துணி. வேறு ஏதோ வாசம் இருந்ததால் மூக்கருகே கொண்டுபோனேன், புளித்த பால் வாசம்.

துவைக்கப் போடலாம் என்று பியூனிடம் கொடுத்தேன். "யார்கிட்டங்க மேடம் போடறது?" என்று கேட்டார். பண்ணைக் குழாயடியில் உட்கார்ந்து நானே துவைத்தேன்.